மனநோய்க்கு லித்தியம் மாத்திரையா? உப்பிலும் நீரிலும் கவனம் தேவை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மானாவாரிக் காடுகளில் வேலை முழுவதும் வெயிலில்தான். களையெடுப்பவருக்கு வியர்வையோடு நீரும் உப்பும் சேர்ந்தே போகின்றன. மற்றவர்களுக்கு ஒரு செம்பு நீராகாரத்தில் இது சரியாகிவிடும். சில மாதம் ஓயாத சோர்வு, சில வாரம் தூக்கமற்ற துள்ளல் என மாறி மாறி வரும் இருமுனை மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்கோ இதுவே ஆபத்தாகலாம்.

லித்தியமும் ஒருவகை உப்புதான். இந்நோய்க்கு அதன் பயனை 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டார். உடம்பில் உப்பும் நீரும் குறையும்போது, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கிறது; கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தில் மருந்து ஏறி நஞ்சாகிறது. மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால்தான் மருத்துவர் அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்.

ஆகவே யாரோ சொன்னார்கள் என்று உப்பைத் திடீரென நிறுத்தக் கூடாது. கருவாடு, ஊறுகாய் என்று திடீரெனக் கூட்டினாலும் மருந்து சிறுநீரில் வெளியேறி, நோய் திரும்பலாம். தினமும் ஒரே அளவு உப்பு நல்லது. காட்டுக்குப் போகும்போது தூக்குச்சட்டியில் உப்பிட்ட கம்மங்கூழோ நீர்மோரோ கொண்டுபோய், தாகம் எடுக்குமுன்பே குடித்து வரவேண்டும். தண்ணீரும் அருந்தாத விரதம் இவர்களுக்கு ஆகாது. இடுப்பு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இபுபுரூபன் மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும்.

கை நடுக்கம் கூடுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், தள்ளாட்டம் ஆகியவை நஞ்சேறியதன் அடையாளங்கள். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று படுக்க வைத்துவிடுகிற வீடுகளும் உண்டு. அது உயிருக்கே உலை வைக்கும். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெறும் மனச்சோர்வுக்கும் உணவு ஓரளவு துணை செய்கிறது. 2017-ல் ஆஸ்திரேலியாவில் வெளியான 67 பேர் ஆய்வில், முழுத்தானியம், பயறு, காய்கறி, மீன் என்று 12 வாரம் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தேறினார். பேச்சுத் துணை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 8 பேர்தான். சிறிய ஆய்வுதான், பலர் மருந்தும் சாப்பிட்டு வந்தவர்கள். ஆனாலும் கம்பு, குதிரைவாலி, தட்டைப்பயறு எல்லாம் நம் காட்டில் விளைபவை. விளைந்ததையெல்லாம் விற்றுவிட்டு வெள்ளை அரிசியை மட்டும் உண்பானேன்? வீட்டுக்கென்று ஒரு மூட்டை ஒதுக்கலாம்.

உணவை மாற்றினோம் என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. இரவும் பகலும் தமிழில் பேசலாம்.