பொருள்: லுங்கி 500 பீஸ் – தொடர்பாக

எச்.ஓ.டி.க்கு லீவ் லெட்டர் எழுதாதவர் நம்மில் யாருமில்லை. 'பொருள்: இரண்டு நாள் விடுப்பு வேண்டுதல் – தொடர்பாக' என்று ஒரு வரி போடுவோம். சார் அந்த வரியைத்தான் படிப்பார். மீதியைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார், அல்லது போடமாட்டார்! வியாபார ஈமெயிலின் தலைவிதியும் அதன் 'சப்ஜெக்ட்' வரியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையமைப்பில், அனுப்புநர், பொருள், தேதி என்று மெயிலின் தலைப்பகுதியை ஒழுங்குபடுத்தி 1973-ல் எழுதியவர்கள் நால்வர். அதில் ஒருவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் பேட்ச் மாணவர். ஐந்து வருஷம் கழித்து, 1978 மே மாதம், டெக் கம்பெனியின் கேரி தர்க் என்பவர் புதிய கம்ப்யூட்டரை விற்பதற்காக சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினார். அதுதான் முதல் விளம்பர மெயில் என்கிறார்கள். அதன் சப்ஜெக்ட் வரியில் யாரோ ஒருவருடைய முகவரி உட்கார்ந்திருந்தது. விற்க வந்த சரக்கின் பேரே அங்கே இல்லை!

இனி நம்ம ஊருக்கு வருவோம். பாலம் தாண்டி ஈரோட்டு வியாபாரிக்குத் துணி கொடுப்பது பள்ளிபாளையத்தின் பழைய வழி. அவர் 'இப்போ வேண்டாம்' என்றால் தறி நிற்கும், கூலி நிற்கும். அதனால் வெளியூர்க் கடைகளுக்கு நேராகவே மெயில் போட்டுப் பார்க்கிறார் எங்கள் தெரு அண்ணன் ஒருவர். அவர் போட்ட சப்ஜெக்ட்: 'எங்கள் அன்பான வாடிக்கையாளர்களுக்கு மாபெரும் தீபாவளிச் சலுகை!!!' கடைக்காரரின் செல்போனில் 'எங்கள் அன்பான வாடிக்கையாள...' அதோடு கட்! லுங்கியா, துண்டா, பட்டாசா? யார் கண்டது!

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், உருபெல்லாம் ஒட்டி வார்த்தை நீளும். முழு வாக்கியமாக எழுதினால் முக்கியமான சங்கதி திரைக்கு வெளியே போய்விடும். பேல் கட்டி லாரியில் ஏற்றும்போது அதன்மேல் என்ன மார்க் போடுகிறோம்? சரக்கு, அளவு, எண்ணிக்கை. அங்கே 'மாபெரும்' என்று யாரும் எழுதுவதில்லையே! அதே மாதிரி, 'காட்டன் லுங்கி 2 மீட்டர், 500 பீஸ் – 10-ம் தேதி வரை பழைய விலை' என்று போடலாம். வெட்டுப்பட்டாலும் லுங்கி மிஞ்சும்.

சிலர் இதுவரை பேசியே இராத ஆளுக்கு, பதில் போடுவது போல 'ரீ:' சேர்த்து அனுப்புவார்கள். திறக்க வைப்பதுதான் சாமர்த்தியம் என்றால், 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற சப்ஜெக்டோடு உலகம் சுற்றிய வைரஸ் மெயிலுக்குத்தான் முதல் பரிசு கொடுக்கணும்! பொய்யான சப்ஜெக்டை அமெரிக்கா 2003-ல் சட்டம் போட்டே தடுத்தது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் கண்டிப்பு காட்டுகிறது: ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர் கோபப்பட்டாலே ஆபத்து.

முதலில் உங்கள் போனுக்கே அனுப்பிப் பாருங்கள். பிறகு இரண்டு விதமாக எழுதி, ஒவ்வொன்றையும் 20 கடைகளுக்கு அனுப்புங்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். 2021 முதல் ஆப்பிள் போனின் மெயில், ஆள் திறக்காமலேயே படங்களை இறக்கி வைத்துக்கொள்ளக்கூடும். அது 'திறந்தாச்சு' என்று கணக்கில் ஏறிவிடும். 'சாம்பிள் அனுப்புங்க' என்று எத்தனை பதில் வந்தது, அதை எண்ணுங்கள்.