நாள் சமீபிக்கும்போது



போன மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். முதல் பிள்ளையைச் சுமந்து ஒன்பதாம் மாதத்தில் இருக்கிற ஒரு இளம் சகோதரி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி, நேத்து ராத்திரியில இருந்து பிள்ளை அசைவு கம்மியா இருக்கு. தலை எறங்கிட்டா அப்படித்தான் இருக்கும்னு அத்தை சொல்றாங்க. நெசமா?" என்று கேட்டாள். செருப்பை விட்டுவிட்டு அவள் புருஷனைக் கூப்பிட்டு, "ஆட்டோ பிடிங்க தம்பி, சாப்பாடெல்லாம் அப்புறம்" என்றேன்.

ஏன் அப்படிப் பதறினேன் என்று சிலர் கேட்டார்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அநேக வருஷங்கள் கிராம சுகாதார நர்சாக வேலை செய்தவள் நான். என் கையில் தங்கிய பிள்ளைகளைப்பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறேன். தங்காமல் போன ஒரு பிள்ளையைப்பற்றி அதிகம் பேசினதில்லை.

1988-ம் வருஷம். எனக்கு அது முதல் கர்ப்பம், 38-வது வாரம். கன்வென்ஷன் கூட்ட நாட்கள், வீடு நிறைய விருந்தாளிகள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளையின் அசைவு குறைந்தது எனக்கே தெரிந்தது. "உள்ள எடம் பத்தல, அதான் சும்மா இருக்கு" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். இரண்டு பேர் ஜெபம் பண்ணினார்கள். நானும் ஆறுதலடைந்தவள்போல இருந்துவிட்டேன். உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும், ஜெபித்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் அவிசுவாசி என்று நினைப்பார்களோ என்று ஒரு கூச்சம். ஞாயிறு காலையில் போனோம். இருதயத்துடிப்பு இல்லை. ஆண்பிள்ளை, இரண்டே முக்கால் கிலோ.

வெள்ளிக்கிழமையே போயிருந்தால் பிழைத்திருப்பானா? எந்த டாக்டரும் எனக்கு அப்படி உறுதி சொல்லவில்லை. பெரியவர்கள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை, அவர்கள் கேள்விப்பட்டதைச் சொன்னார்கள். படித்தவள் நான். வாய் திறக்காமல் இருந்ததும் நான்தான்.

ஆகவே முதலாவது இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவம் நெருங்கினால் அசைவு குறையும் என்பது உண்மையல்ல. இடம் குறைவதால் உதைப்பது மாறி, உருளுவது, நெளிவது, முட்டுவது என்று அசைவின் தன்மை வேறுபடலாம். ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாது. பிள்ளை உள்ளே தூங்கி விழிக்கிறதுண்டு. அது பெரும்பாலும் 20 நிமிஷம், 40 நிமிஷம் வரைக்கும்தான். சந்தேகம் வந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டு, இடது பக்கமாய் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றின்மேல் கைவைத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவேண்டும். வராவிட்டால், அல்லது எண்ணிக்கை வந்தும் 'வழக்கம்போல இல்லையே' என்று உங்கள் மனதுக்குப் பட்டால், அந்த மணி நேரமே போங்கள். விடியட்டும், திங்கட்கிழமை ஆகட்டும் என்று இருக்காதீர்கள். வண்டி இல்லையென்றால் 108-க்குப் போன் பண்ணுங்கள், அதற்குக் காசு கிடையாது.

"அப்படியானால் விசுவாசம் எங்கே?" என்று கேட்பவர்கள் நம்முடைய சபைகளில் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். யாத்திராகமத்தின் ஆரம்பத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகளின் பெயர் எழுதியிருக்கிறது. அந்தப் பார்வோனுடைய பெயரைக்கூட எழுதவில்லை, மருத்துவச்சிகளின் பெயர் இருக்கிறது. ராகேலையும் நினைத்துக்கொள்ளுங்கள். எப்பிராத்துக்குப் போகிற வழியிலே வலி கண்டு, பென்யமீனைப் பெற்று, வழியிலேயே மரித்துப்போனாள். நிறைமாதத்தில் பஸ் ஏறி உபவாசக் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் போகிற சகோதரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ராகேல்தான் ஞாபகத்துக்கு வருவாள். வீட்டிலிருந்தே ஜெபியுங்கள்.

இனி நாட்கணக்கு. கடைசி மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். டாக்டர் எழுதிக்கொடுக்கிற தேதி அதுதான். அந்தத் தேதியிலேயே பிறக்கிற பிள்ளைகள் நூற்றுக்கு நாலைந்துதான். ஆகவே தேதி தாண்டின மறுநாளே "இன்னும் வலி வரலையா?" என்று போன்மேல் போன் போட்டு அந்தப் பெண்ணை அழவைக்காதீர்கள். 37 வாரத்துக்கு முன்னே பிறந்தால் குறைமாதம். 39 ஆனால்தான் முழு மாதம். நுரையீரலும் மூளையும் அந்தக் கடைசி வாரங்களிலும் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. நாள் நட்சத்திரம் பார்க்கிறதில்லை என்று சொல்லுகிற நாமே, "டிசம்பர் 25-ல ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்கிறோம். இது மட்டும் என்னவாம்?

36 வாரம் கழிந்தால் வாரம் ஒரு தடவை பரிசோதனைக்குப் போகவேண்டும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிற்காதீர்கள். இரத்த அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். 140/90 என்று வந்துவிட்டால் அது சின்னக் காரியம் அல்ல. நிறைமாதத்தில் கால் வீங்குவது அநேகருக்கு உண்டுதான். ஆனால் முகமும் கையும் திடீரென்று உப்பினால், விடாத தலைவலி வந்தால், கண் மங்கினால், கண்ணுக்குள் மின்னல் மாதிரி அடித்தால், நெஞ்சுக்குக் கீழே வலது பக்கம் வலித்தால் உடனே காட்டவேண்டும். விட்டால் வலிப்பில் கொண்டுபோய் விடும். பிரசவம் ஆன பிறகும் சில வாரங்கள் வரைக்கும் இது வரலாம் என்பதை அம்மாமார் மறந்துவிடுகிறார்கள். தாயின் தலைவலியை "தூக்கம் இல்லாததால" என்று தள்ளிவிட்டு எல்லாரும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மல்லாந்து படுக்கவேண்டாம், பக்கவாட்டில் படுங்கள். சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள், டீ இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாக ஏறும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போனாலே தாங்கமாட்டீர்கள்.

வலி விஷயத்தில்தான் முதல் பிரசவக்காரிகள் அதிகமாய் அலைக்கழிகிறார்கள். சூட்டு வலி வரும், போகும். எழுந்து நடந்தால், தண்ணீர் குடித்தால், படுத்தால் அடங்கிவிடும். நிஜ வலி அடங்காது. இடுப்பில் தொடங்கி முன்பக்கம் சுற்றி வரும், வரவர நெருங்கும், வரவரப் பலக்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் நீடித்து, ஒரு மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் கிளம்பலாம். ஆஸ்பத்திரி தூரமென்றால் அதுவரைக்கும்கூட இருக்கவேண்டாம். சளிபோலத் துளி இரத்தம் கலந்து போனால் நாள் நெருங்குகிறது என்று அர்த்தம், பயப்படவேண்டாம். ஆனால் மாதவிலக்குபோல இரத்தம் போனால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடவேண்டும். பனிக்குடம் உடைந்தாலும் அப்படியே. தண்ணீர் பச்சையாக இருந்தால் போனவுடன் அதை முதலாவது சொல்லுங்கள்.

பை எப்போது கட்டுவது? 36-வது வாரத்தில் கட்டிவிடுங்கள். பிறக்கிறதற்கு முன்னே பிள்ளைக்கு ஒன்றும் வாங்கக்கூடாது என்று சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. சரி, வாங்கவேண்டாம். தாத்தாவின் பழைய வேஷ்டியைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, எட்டுப் பத்துத் துண்டாகக் கிழித்து மடித்து வையுங்கள். புதுத் துணியைவிடப் பிள்ளைக்கு அதுதான் மெத்தென்று இருக்கும். உங்களுக்கு இரண்டு நைட்டி, உள்துணி, நாப்கின். எல்லாவற்றுக்கும் மேலாகக் காகிதங்கள்: பரிசோதனை அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், இரத்த வகை, ஆதார், பேங்க் பாஸ்புக், அரசாங்கப் பதிவின் பிக்மி எண். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய். தகுதியுள்ள ஏழைக் குடும்பங்கள்கூடப் பதிவு செய்யாமல் இழந்துபோகிறார்கள். உங்கள் ஊர் நர்சைக் கேளுங்கள், வெட்கப்படவேண்டாம். தாய் வீட்டுக்குப் போகிறவர்கள் காகிதங்களைப் புகுந்த வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். எத்தனை பேர் நடுராத்திரியில் வெறுங்கையோடு வந்து நின்றிருக்கிறார்கள்!

நெகட்டிவ் இரத்த வகை உள்ள சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்று வந்தால் 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு ஆன்டி-டி ஊசி போடவேண்டும். அது அடுத்த பிள்ளையைக் காக்கிற ஊசி. மறக்காமல் கேளுங்கள்.

சகோதரர்களே, நீங்களும் இதை வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் வருகிற ஆட்டோக்காரர் யார்? மனைவியின் இரத்த வகை என்ன, அதே வகை உள்ள இரண்டு வாலிபர் சபையில் யார்? கேட்டால் பாதிப் பேர் தலையைச் சொறிகிறீர்கள். இந்த வாரமே எழுதி வையுங்கள்.

பிள்ளை பிறந்தவுடன் சேனை வைக்கிற வழக்கம் நம் வீடுகளிலும் போகவில்லை. மாமாவுக்குப் பதிலாகப் பாஸ்டரைக் கூப்பிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஜெபம் பண்ணட்டும், நாக்கில் ஒன்றும் தடவவேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், வசம்பு ஒன்றும் வேண்டாம். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் ஆபத்து. முதல் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். மஞ்சளாக வருகிற சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். முதல் நாள் பிள்ளையின் வயிறு கோலிகுண்டு அளவுதான், அந்தத் துளிகளே அதற்குப் போதும். குளிப்பாட்டவும் ஒரு நாள் பொறுக்கலாம்.

அந்த இளம் சகோதரிக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்து இருதயத்துடிப்பைப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஒண்ணும் இல்லன்னுட்டாங்க ஆன்ட்டி, எல்லாரையும் அலைய வெச்சிட்டேன்" என்று போனில் அழுதாள். "நாளைக்கும் கொறஞ்சா நாளைக்கும் போ" என்றேன். நாலாம் நாள் மறுபடியும் குறைந்தது, மறுபடியும் போனாள். இந்தத் தடவை அத்தையே கூடப் போனார்கள். அங்கேயே வைத்துக்கொண்டார்கள், மறுநாள் விடியற்காலையில் பெண்பிள்ளை, இரண்டு கிலோ அறுநூறு. கொடி கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததாம்.

காலை ஆறு மணிக்கு அத்தைதான் எனக்குப் போன் பண்ணினார்கள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. கடைசியில், "சிஸ்டர், பிள்ள அழுவுது, ஒரு சொட்டு சர்க்கரத் தண்ணி..." என்று இழுத்தார்கள்.

"வேண்டாங்க. அம்மாகிட்ட போடுங்க" என்றேன்.

"சரி, போடுறேன்" என்று போனை வைத்தார்கள்.