அறுவைச் சிகிச்சையும் உடலின் காவற்படையும்

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலையில் அலகு குத்திய பக்தரின் கன்னம் சில நாட்களில் ஆறிவிடுகிறது. "வயிற்றில் அறுவை செய்துகொண்ட என் தாயாருக்கு மட்டும் ஏன் இத்தனை வாரம்?" என்று அன்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அறுவைப் பிரிவில் தாதியாகப் பணியாற்றியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைக் கூறுகிறேன்.

அலகின் கூர்முனை தசையை விலக்கிக்கொண்டு செல்கிறது. கன்னத்தில் இரத்த ஓட்டமும் மிகுதி. அறுவைக் கத்தியோ தோல், கொழுப்பு, தசை எனப் பல அடுக்குகளைத் திறக்கிறது. எனினும் இரண்டு காயங்களையும் காக்க வருவது ஒரே படைதான்.

முதலில் இரத்தம் உறைந்து வாயிலை அடைக்கிறது. சில மணி நேரத்தில் நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் திரண்டு கிருமிகளை விழுங்குகின்றன. இரண்டொரு நாளில் மேக்ரோபேஜ் அணுக்கள் வந்து கழிவை அகற்றி, புதிய திசு வளர வழி செய்கின்றன. தொடக்கத்தில் தோன்றும் இலேசான சிவப்பும் வீக்கமும் இப்படையின் வேலையே. ஆனால் சிவப்பு பரவினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெரிய அறுவையின்போது உடலில் கார்ட்டிசோல் சுரப்பு கூடுகிறது. லிம்போசைட் அணுக்கள் குறைகின்றன. அதனால் சில நாட்களுக்கு நோய் எதிர்ப்பு ஆற்றல் தாழ்ந்திருக்கும். இருமல், சளி உள்ளவர்கள் அந்நாட்களில் நோயாளியைப் பார்க்கச் செல்லாதிருப்பதே அன்பு.

இப்படையைத் தளர்த்துபவை மூன்று. முதலாவது நீரிழிவு. 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே இன்னும் அதிகம். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் வெள்ளை அணுக்கள் சரிவரப் போரிடா. இரண்டாவது புகைப்பழக்கம். அறுவைக்கு 4 வாரங்களுக்கு முன்பாவது அதை விட்டுவிட்டால் ஆபத்து குறையும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அறிவித்தது.

மூன்றாவது, நம் வீடுகளில் அன்பின் பெயரால் வைக்கப்படும் கடும் பத்தியம். வாரக்கணக்கில் இரசஞ்சோறு மட்டும் உண்டால் புதிய திசு எதிலிருந்து வளரும்? அதற்குப் புரதம் வேண்டும். அசைவர்கள் இந்நாட்டு வழக்கப்படி விரால் மீன் உண்ணலாம். சைவர்களுக்குப் பருப்பு, பயறு, தயிர், தவ்ஹு இருக்கின்றன. சிறுநீரக நோயாளிகள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

திருநீற்றை நெற்றியில் அணியுங்கள். காயத்தின் மேல் இட வேண்டாம். விரத நேர்த்திக்கடனைக் காயம் ஆறியபின் செலுத்தலாம். மூன்று மாதமானாலும் வடுவுக்குப் பழைய தோலின் சுமார் 80 விழுக்காடு வலிமையே வரும். எனவே மருத்துவர் அனுமதியின்றிக் காவடியோ பால்குடமோ சுமந்து மலையேற வேண்டாம். அடுத்த ஆண்டும் தைப்பூசம் வரும். அதுவரை முருகன் காத்திருப்பான்.

அனைவரும் நலமுடன் வாழத் தண்ணீர்மலையான் அருள்புரிவானாக.