யந்திரப் பராமரிப்புத் தொழிலுக்குப் பயிலும் முறை

பத்தாம் வகுப்பில் தேறி, ஆலை யந்திரங்களைப் பராமரிக்கும் தொழிலில் புக விரும்பும் இளைஞர், முதற்படியாக அருகிலுள்ள ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு ஃபிட்டர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது உத்தமம். பராமரிப்புக்கென்றே தனிப் பிரிவு நடத்தும் நிலையங்களும் உண்டு. ஆயினும் நூற்பாலை முதல் சர்க்கரை ஆலை வரை எங்கும் மதிக்கப்படுவது ஃபிட்டர் சான்றிதழே என்பது என் அபிப்பிராயம்.

ஆரம்ப மாதங்களில் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி அரத்தால் ராவுவதைத் தவிர வேறொன்றும் இல்லையே என்று பலர் சலிப்படைவர். அச்சலிப்புக்கு இடங்கொடாமல், ராவிய பரப்பின்மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒளி கசியும் இடம் பள்ளம், கசியாத இடம் மேடு என்று கண்டு, மேட்டை மாத்திரம் ராவப் பழகுபவருக்கே, பின்னர் மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. வித்தியாசம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும்.

அடுத்து, பேரிங்கைச் சிரத்தையுடன் கற்க வேண்டும். அதன்மேல் 6205 என்றிருந்தால், கடைசி இரண்டு இலக்கங்களாகிய 05ஐ ஐந்தால் பெருக்க, உள்துவாரம் 25 மி.மீ. என்று தெரியும். ஷாஃப்டில் இறுக்கமாக ஏற்றும்போது விசை உள்வளையத்தின் மீதே விழ வேண்டும். வெளிவளையத்தைச் சுத்தியால் தட்டினால், அந்த அடி குண்டுகளின் வழியே பாய்ந்து, அவை ஓடும் பாதையில் நுண்ணிய தழும்புகளை உண்டாக்க, புதுப் பேரிங்கே விரைவில் இரையத் தொடங்கும். பழுதான பேரிங்கை எறிந்துவிடாமல் அறுத்துப் பாருங்கள். தேய்மானம் கோணலாக ஓடியிருந்தால் ஷாஃப்ட் நேராக அமைந்திருக்கிறதா என்று சந்தேகிக்கலாம். கிரீஸ் கருகியிருந்தால், அது போதாமலோ அளவுக்கு மீறி அடைக்கப்பட்டோ சூடேறியிருக்கலாம். பழுதின் காரணத்தைக் காணாமல் பாகத்தை மட்டும் மாற்றுவதைப் பராமரிப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சான்றிதழ் பெற்றதும், 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் உதவித்தொகையுடன் ஓர் ஆலையில் பயிற்சி பெறுங்கள். யந்திரம் எழுப்பிய சப்தத்தையும், பிரித்தபோது கண்டதையும் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். மோட்டார், ஹைட்ராலிக், யந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சாதனமாகிய பி.எல்.சி. ஆகியவற்றின் அடிப்படையையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

இவை யாவற்றினும் பிரதானமானது ஒன்றுண்டு. யந்திரத்தில் கை வைக்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் உங்கள் சொந்தப் பூட்டை மாட்டி, தேங்கிய காற்றழுத்தத்தையும் எண்ணெய் அழுத்தத்தையும் வெளியேற்றி, ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அழுத்தி, ஓடவில்லை என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். உற்பத்தி நிற்கிறதென்று மேலாளர் எவ்வளவு துரிதப்படுத்தினாலும், வேலை முடியும்வரை அந்தப் பூட்டின் சாவியை எவரிடமும் கொடுக்காதீர்கள்.