பெட்ரோல் சொட்டுதா? பழைய மொபெட் கார்பரேட்டரை நாமே பார்க்கலாம்



பால் கேன், கீரைக்கட்டு, பூக்கூடை என்று திருநின்றவூர் ஸ்டேஷன் வரைக்கும் சுமை தூக்குவது நம்மில் பலருக்கும் டி.வி.எஸ். மொபெட்தான். 1980-ல் டி.வி.எஸ். 50 வந்ததிலிருந்து இருக்கிற உறவு இது. 2020-ல் பி.எஸ். 6 விதி வந்த பிறகு புது வண்டிகளில் இன்ஜெக்டர். அதற்கு முந்தைய வண்டி என்றால் கார்பரேட்டர்தான். அதில் அடிக்கடி வரும் தொல்லை, வண்டி நிற்கும்போது பெட்ரோல் சொட்டுவது.

"கொஞ்சம்தானே" என்று விடாதீர்கள். ஒரு பாட்டில் மூடியை அடியில் வைத்து அளந்து பாருங்கள். மணிக்கு 5 மில்லி என்றால், ராத்திரி 10 மணி நேரத்தில் 50 மில்லி, மாதத்துக்கு ஒன்றரை லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 150 ரூபாய் மண்ணுக்குப் போகுது. குழுவில் கட்டும் சேமிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காசை விடப் பெரிய கவலை நெருப்பு. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி வரை போகும். சொட்டுகிற வண்டியை வீட்டுக்குள் ஏற்றவே வேண்டாம். கை வைக்கும் முன் இன்ஜின் ஆறட்டும்; வேலை வெளியில், பகல் வெளிச்சத்தில் நடக்கட்டும்.

எங்கே கசிகிறது? துணியால் துடைத்துவிட்டு, பெட்ரோல் டேப்பை மூடிப் பாருங்கள். மூடியும் டேப் ஓரத்தில் ஈரம் வந்தால் டேப் வாஷர் போய்விட்டது. கார்பரேட்டர் அடிக்கிண்ணத்தின் விளிம்பில் ஈரம் என்றால் பேக்கிங். டேப்பைத் திறந்ததும் ஓவர்ஃப்ளோ ட்யூப் வழியாகச் சொட்டினால் நீடில் வால்வு. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் கலந்திருப்பதால், பெட்ரோல் காய்ந்த பிறகும் பிசுபிசு கறை இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

நீடில் வால்வு எப்படி வேலை செய்கிறது? நம் வீட்டு மாடித் தொட்டியில் மிதக்கும் பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறினால் பந்து மேலே வந்து குழாயை அடைக்கும். கிண்ணத்துக்குள் ஃப்ளோட் செய்வதும் அதேதான், அது நீடிலைத் தள்ளி வழியை மூடுகிறது. நடுவில் ஒரு துகள் தூசி சிக்கினால் போதும், மூடாது.

அதனால் முதலில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தை மெதுவாகத் தட்டுங்கள். பல சமயம் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு டப்பாவில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் குமிழ் தெரிகிறதா? மழைக்காலத்தில் ஏரித்தண்ணீர் ஏறும் தெருவில் நின்ற வண்டியில் இது சகஜம்.

அப்புறமும் சொட்டினால் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை, மாற்றியாக வேண்டும். நீடில் முனையில் நகத்தை ஓட்டுங்கள். வளையமாகப் பள்ளம் தட்டினால் தேய்ந்துவிட்டது. அது உட்காரும் இடத்தைச் சுத்தமான துணியால் துடைத்தால் போதும். ஊசி, கம்பி விட்டுக் குடையாதீர்கள், கோடு விழுந்தால் கசிவு நிரந்தரமாகிவிடும். ஃப்ளோட்டின் நாக்கை வளைத்து அளவு சரிசெய்வதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

2023-லிருந்து பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர் குழாயும் பேக்கிங்கும் அதில் சீக்கிரம் கெடலாம். குழாயை மடக்கி, வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

மெக்கானிக் "முழு கார்பரேட்டரும் மாத்தணும்மா" என்றால், "ரிப்பேர் கிட் போட்டுப் பாருங்கண்ணா, பழைய நீடிலைக் காட்டுங்க" என்று கேளுங்கள். கிட்டின் விலை மிகக் குறைவு. எக்ஸ்.எல். 100 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி என்றால் இன்ஜின் ஆயிலையும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அந்த ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.