‘சைக்காலஜி’யில் ‘பி’ எதற்கு?

நம்பிக்கை: சைக்காலஜி, நிமோனியா, டெரோடாக்டில் ஆகிய சொற்களின் முன்னால் நிற்கும் ‘பி’ வெறும் அலங்காரம். அதை யாரும் எந்தக் காலத்திலும் உச்சரித்ததில்லை.

உண்மை: கிரேக்கர்கள் உச்சரித்தார்கள். இன்றும் உச்சரிக்கிறார்கள். ‘ப்ஸ்’ என்ற கூட்டொலிக்கு அவர்களிடம் தனி எழுத்தே உண்டு. கிரேக்க நெடுங்கணக்கில் அது 23ஆவது. லத்தீனில் அதற்கு எழுத்து இல்லாததால் ரோமானியர்கள் பி, எஸ் என்று இரண்டாக எழுதினார்கள். லத்தீன் வழியாகச் சொல்லை வாங்கிய ஆங்கிலேயர்கள் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆனால் சொல்லின் தொடக்கத்தில் அந்தக் கூட்டொலி அவர்கள் நாவுக்குப் படியவில்லை, ஒலியை விட்டுவிட்டார்கள். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இன்றும் ‘ப்’ சொல்லித்தான் சைக்காலஜியைத் தொடங்குகிறார்கள். ஸ்பானியர்கள் நிமோனியாவிலிருந்து ‘பி’யை எழுத்திலேயே நீக்கிவிட்டார்கள். அதுவும் நேர்மையான முடிவுதான்.

சொல்லின் நடுவில் வந்தால் ஆங்கிலத்திலும் அந்த எழுத்து வாய் திறக்கும். கிரேக்கத்தில் ‘ப்டெரோன்’ என்றால் சிறகு. சிறகும் விரலும் சேர்ந்தது டெரோடாக்டில்: நீண்ட நான்காம் விரல் சிறகைத் தாங்க, பறந்து திரிந்த ஊர்வன. சுருளும் சிறகும் சேர்ந்தது ஹெலிகாப்டர்: பிரான்ஸின் பொந்தோன் தாமேகூர் 1861இல் உருவாக்கிய பெயர். ‘ஹெலிகோ’, ‘ப்டெர்’ என்றுதான் அது பிரியும். ‘ஹெலி’, ‘காப்டர்’ என்று தவறாகப் பிரித்ததில் பிறந்ததே, தேர்தல் காலச் செய்திகளில் தவறாமல் வரும் ‘ஹெலிபேட்’. அதேபோல் நிமானிக் என்ற சொல்லில் ஒலிக்காத முதல் ‘எம்’, அம்னீஷியாவில் ஒலிக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: நினைவு.

நம்பிக்கை: ஒலிக்காத எழுத்து இருந்தால் அது கிரேக்கச் சொல்.

உண்மை: இல்லை. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ சொல்லின் ‘கே’ ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் சொத்து. பழைய ஆங்கிலத்தில் அது ஒலித்தது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ (debt) சொல்லின் ‘பி’ (b), லத்தீன் பற்றால் பின்னாளில் சேர்த்தது.

கிரேக்க வேடம் போட்ட சொல்லும் உண்டு. பனிக்காலத்தில் வெண்மையாக மாறும் டார்மிகன் பறவையின் பெயர் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிச் சொல். அதில் ‘பி’ கிடையாது. 1684இல் ராபர்ட் சிபால்ட் என்ற அறிஞர் அதைக் கிரேக்கச் சிறகோடு முடிச்சுப் போட்டு, முன்னால் ஒரு ‘பி’யை ஒட்டினார். அறிஞர் செய்த பிழை என்பதாலோ என்னவோ, 300 ஆண்டுகள் தாண்டியும் யாரும் அதைக் கழற்றவில்லை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ‘சைலண்ட் லெட்டர், மனப்பாடம் பண்ணு’ என்று முடித்துவிடாதீர்கள். டெரோடாக்டில், ஹெலிகாப்டர் இரண்டையும் ஆங்கிலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பலகையில் எழுதுங்கள். ஒன்றின் முதல் நான்கு எழுத்தும் மற்றதன் கடைசி நான்கு எழுத்தும் ஒன்றுதான் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.