ஆயில் விளக்கு எரிந்தால்...

கேள்வி: நெடுஞ்சாலையில் போகும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. ‘டொக் டொக்’ சத்தத்துடன் கார் நின்றுவிட்டது. இன்ஜின் போய்விட்டதா?

பதில்: மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இன்ஜின் ஆறியதும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால், ஒழுகியிருக்கும் அல்லது எரிந்திருக்கும். பால் டீ நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

விளக்கு மட்டும் எரிந்திருந்தால் பிரஷர் சுவிட்ச் பழுதாகியிருக்கலாம். சத்தமும் கேட்டதால் பேரிங்குகள்மீதே சந்தேகம். ஆயிலை வடித்து, ஃபில்டரைப் பிரித்துப் பார்க்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். உலோகத் துகள் மினுங்கினால் இன்ஜினைப் பிரித்தே ஆகவேண்டும். இல்லையென்றால் சம்ப்பைக் கழற்றி, ஸ்ட்ரெய்னர் அடைப்பையும் ஆயில் பம்பையும் பார்க்கட்டும்.

அந்த விளக்கு பெரும்பாலும் ஆயில் அளவை அல்ல, அழுத்தத்தையே காட்டுகிறது. இனி எரிந்தால் ஓரங்கட்டி, உடனே இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.